பச்சைச் சீட்டில் மூன்று கட்டங்கள்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து திவ்யா என்ற பெண் போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆகிவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், 'ஃபேர் கண்டிஷன்'னு ஒரு இடத்துல வருது. ஒரு சாஃப்ட்வேர் ஸ்பானிஷ்ல 'ரெகுலார்'னு போடுது. இன்னொண்ணு 'அசெப்தாப்ளே'ங்குது. எதை வைக்கட்டும்?"

"எந்தச் சாமானைப் பத்திம்மா எழுதியிருக்கு?"

"அது தெரியல மேடம். எக்ஸெல்ல அந்த ஒரு வரிசை மட்டும்தான் அனுப்பியிருக்காங்க."

"எழுதினவரைப் போய்க் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வார்த்தையோடுதான் எனக்குப் பழைய கணக்கு இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் துவாக்குடிப் பக்கம் சர்க்கரை ஆலைகளுக்கு பாய்லர் செய்து கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் அதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்பெனிக்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்தபோது, ஸ்பானிஷ் படிக்க யாருக்கு விருப்பம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். யாரும் பெயர் கொடுக்கவில்லை. பாலக்கரையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் எனக்கு, படிக்கப் போனால் ஒரு வருடம் அந்த பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று தோன்றியது. பெயர் கொடுத்தேன். ஹைதராபாத்தில் ஒரு வருடம், பிறகு தபாலில் இரண்டு வருடம். திரும்பி வந்தபோது 'ஹஸீனா பேகம், மொழிபெயர்ப்பாளர்' என்று மேஜைமேல் பலகை வைத்தார்கள். பஸ் மட்டும் அதே பஸ்தான்.

முதல் வருடமே ஒரு தப்பு செய்தேன். சாம்பல் சலிக்கும் சல்லடையை 'ஃபைன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் 'நல்ல சல்லடை' என்று ஸ்பானிஷில் எழுதி அனுப்பினேன். சிலி நாட்டு இன்ஜினியர் மரியாதையாகப் பதில் போட்டார். சல்லடை நல்லது என்பதில் தங்களுக்கு மகிழ்ச்சி, அதன் கண் எவ்வளவு சிறியது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எங்கள் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்று முடிவு செய்து அலமேலு மேடத்தைப் போட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே சீட்டில் இருப்பார். அவருக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் முயற்சி செய்யவில்லை.

"எனக்குத் தெரிஞ்சா உங்களை நம்பிடுவேன். தெரியாததுதான் சௌகரியம்" என்றார் முதல் நாளே.

அவர் சரிபார்க்கும் முறை இதுதான். நான் ஸ்பானிஷில் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக விரல் நகர்த்துவார். நான் எங்கேயாவது கொஞ்சம் மெதுவாக வாசித்தால் விரல் அங்கேயே நின்றுவிடும்.

"இங்க ஏன் மெதுவா வாசிச்சேள்?"

எனக்கு எங்கே சந்தேகமோ அங்கேதான் நான் மெதுவாகியிருப்பேன். ஒரு தடவைகூட அவர் தப்பாகப் பிடித்ததில்லை. கொஞ்ச நாள் எல்லாவற்றையும் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். அதற்கும் காரணம் கேட்டார்.

பச்சைச் சீட்டு அவர் கொண்டுவந்தது. கேன்டீன் டோக்கன் அடித்து மிஞ்சிய பச்சைத் தாள் ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதில் அச்சடித்தார். மேலே வார்த்தை, பக்கம், வரி. கீழே மூன்று கட்டம். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பல அர்த்தம் தருவதாக இருந்தால், ஸ்பானிஷில் எதை வைப்பது என்று நாங்களாக முடிவு செய்யக் கூடாது. மூன்று அர்த்தத்தையும் கட்டங்களுக்கு எதிரே எழுதி, அந்த ஆங்கிலத்தை எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். வாயால் சொல்வது செல்லாது. ஒரு சீட்டுக்கு ஏழு நாள். பதில் இல்லையென்றால் இரண்டாவது சீட்டு, பிறகு மூன்றாவது. அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த ஆங்கில வார்த்தையை அப்படியே ஸ்பானிஷ் பத்திரத்தில் விட்டுவிட்டு, அடிக்குறிப்பில் 'எழுதியவரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது, பதில் வரவில்லை' என்று போட வேண்டும்.

பல வருடம் அந்த அடிக்குறிப்பை நாங்கள் எழுத வேண்டி வந்ததே இல்லை. இரண்டாவது சீட்டிலேயே எல்லோரும் வழிக்கு வந்துவிடுவார்கள். ஒரு டிசைன் இன்ஜினியர் மட்டும் 'லைட் ஆயில்' என்பதற்கு 'நிறத்தில் வெளிறியது', 'எடை குறைந்தது' இரண்டிலும் டிக் போட்டு அனுப்பினார். ஒரு எண்ணெய்க்கு ஒரு டிக்தான் என்று எழுதி அலமேலு மேடம் திருப்பி அனுப்பினார். ஃபேக்டரியில் எங்கள் பிரிவை யாருக்கும் பிடிக்காது. கேன்டீனில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் பேச்சு குறையும்.

இப்போது 'ஃபேர்' விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கல்யாண விளம்பரம் படிக்கிற எல்லோருக்கும் அதன் ஒரு அர்த்தம் தெரியும். ஸ்பானிஷில் அது கூறுகூறாகப் பிரியும். விலை ஃபேர் என்றால் 'ஹூஸ்தோ', நியாயமானது. தலைமுடி ஃபேர் என்றால் 'ரூபியோ', பொன்னிறம். வானிலை ஃபேர் என்றால் வெறுமனே 'நல்லது'. ஒரு சாமானின் நிலை ஃபேர் என்றால்தான் தகராறு. 'அசெப்தாப்ளே' என்று எழுதினால், சோதித்தோம், ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று ஆகும். 'ரெகுலார்' என்று எழுதினால் சுமார்தான் என்று ஆகும். சாப்பாடு எப்படி என்று ஒரு ஸ்பானிஷ்காரரைக் கேட்டு அவர் 'ரெகுலார்' என்று சொன்னால், அது வாயில் வைக்கும்படி இல்லை, ஆனால் அவர் உங்களோடு சண்டை போட விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரு நாட்டில் ஒரு சர்க்கரை ஆலைக்கு எங்கள் பாய்லர் போயிருந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டப் போனவர் சவரிமுத்து. மணப்பாறைக்குப் பக்கத்தில் ஊர். முப்பது வருட ஃபிட்டர். பாய்லர் டிரம்மில் ஆள் நுழையும் கதவுக்கு ஒரு கேஸ்கெட் உண்டு. நீராவி வெளியே வராமல் அடைக்கும் வளையம். முதல் தடவை பிரஷர் ஏற்றியபோது அந்த இடத்தில் நீராவி பீறிட்டு, உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஊர்த் தொழிலாளர் துறை அதிகாரி விசாரணை வைத்தார். கேஸ்கெட் மோசமா, மாட்டியவர் சரியாக மாட்டவில்லையா என்று தெரியும்வரை சவரிமுத்து ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கேஸ்கெட்டை இங்கிருந்து அனுப்பும்போது போட்ட சோதனைத் தாளை ஸ்பானிஷில் அனுப்பச் சொல்லி எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

சோதனைத் தாள் என் மேஜைக்கு வந்தது. ஒரே பக்கம். 'நிலை' என்ற இடத்தில் ஃபேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் குமரேசன், தரக் கட்டுப்பாட்டு மேனேஜர். யாரையும் கடிந்து பேசாத மனிதர். வாயைத் திறந்து ஒரு விஷயத்தை ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லிக் கேட்டவர்களும் இல்லை.

அன்று சாயங்காலமே சவரிமுத்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே அவரோடு தமிழ் பேச ஆள் கிடையாது.

"கேஸ்கெட்டு ஓரம் அப்பளமாட்டம் இருந்துச்சும்மா. தொட்டா உதிருது. வேற அனுப்புங்கன்னு ஆபீசுக்குச் சொன்னேன். கப்பல்ல வர ஒரு மாசமாவும், இதையே மாட்டுன்னாங்க. மாட்டுனேன். இப்ப மாட்டுனவன் கைதான் சரியில்லைங்கறாங்க."

"கவலைப்படாதீங்கண்ணே. பேப்பர் போயிடும்."

"பாப்பா கல்யாணத்துக்கு முப்பத்திரெண்டு நாளு இருக்கு. அதுக்குள்ள வந்துருவேன்ல?"

மறுநாள் அவர் மனைவி மரியபுஷ்பம் மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்தார். ரிசப்ஷனில் உட்கார்ந்து எனக்குப் பத்திரிகை வைத்தார். 'எங்கள் மகள் ஜெயராணியின் திருமணத்துக்கு' என்று கீழே சவரிமுத்து பெயர் போட்டிருந்தது.

"மாதா கோயில்ல பொண்ணைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது அப்பாதாம்மா. அப்பா வராம நான் உள்ள போமாட்டேன்னு அவ உக்காந்திருக்கா. நீங்க எழுதுற பேப்பர்லதான் இருக்குன்னாரு. கொஞ்சம் சீக்கிரமா எழுதிருங்கம்மா."

நான் நேராக ஸ்டோருக்குப் போனேன். அதே சரக்கில் மிஞ்சியிருந்த இரண்டு கேஸ்கெட்டை எடுத்துக் காட்டினார்கள். ஓரம் வெடித்திருந்தது. விரல் வைத்தால் தூள் ஒட்டியது. திரும்பி வந்து, "மேடம், 'ரெகுலார்'னு போட்டுடறேன். கண்ணால பாத்துட்டேன்" என்றேன்.

அலமேலு மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பார்த்தது வேற கேஸ்கெட். தாள்ல எழுதினது குமரேசன். நீங்க 'ரெகுலார்'னு எழுதினா, மொழிபெயர்ப்பு தப்புன்னு அவர் ஒரு லெட்டர் போடுவார். அப்புறம் அந்த ஃபிட்டருக்கு யார் பேச்சு எடுபடும்? அவரே சொல்லட்டும். சீட்டு அனுப்புங்கோ."

"அப்போ ஏழு நாள் வேணாம் மேடம். இந்த ஒரு தடவை தினம் ஒரு சீட்டா அனுப்பிடலாம்."

"அவகாசமே தரலைன்னு சொல்லுவார். அந்த வழியை நாமே திறந்துவிடப்படாது."

அவர் சொன்னது நியாயம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சீட்டு எழுதினேன். ஒன்று, ஏற்றுக்கொள்ளத்தக்கது. இரண்டு, சுமார். மூன்று, நல்லது. முதல் சீட்டு ஏழு நாள் கழித்தும் வரவில்லை. இரண்டாவது சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அதாவது ஒன்பதாவது நாள், குமரேசன் தாமே என் மேஜைக்கு வந்தார். அலமேலு மேடம் அன்று லீவு, அவர் வீட்டில் ஏதோ திருநட்சத்திரம். குமரேசன் கையில் பச்சைச் சீட்டு இருந்தது. பேனா மூடியையும் கழற்றி வைத்திருந்தார்.

"மேடம், இந்த மூணும் எனக்கு ஒத்து வரலை. ஏத்துக்கலாம்னு போட்டா ஸ்டோர் ரெஜிஸ்டர்ல பழைய ஸ்டாக்குனு இருக்கு, மாட்டிக்குவேன். சுமார்னு போட்டா தெரிஞ்சே அனுப்புனேன்னு ஆயிரும். 'பழசு, ஆனா பயன்படுத்தலாம்'னு ஒரு கட்டம் போட்டுக் கொடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நான் அவரைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை இருந்தது. இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் எதிலும் மாட்டாமல் நழுவியவர் இன்று என் மேஜைக்கு முன்னால் நிற்கிறார் என்று இருந்தது. சவரிமுத்துவை மாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் மெத்தை தேடுகிறாரே என்று கோபமும் வந்தது.

"சீட்டுல கட்டம் மூணுதான் சார்" என்றேன்.

"நீங்க கையால ஒண்ணு போட்டுக்கலாமே?"

"அதுக்கு ரூல்ஸ் இடம் கொடுக்காது சார்."

அது பொய். மூன்றுக்கு மேல் அர்த்தம் இருக்கும்போதெல்லாம் ஸ்கேல் வைத்து நான்காவது கட்டம் போட்டிருக்கிறேன். அலமேலு மேடமே ஐந்தாவதும் போடச் சொல்லியிருக்கிறார். குமரேசன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மூன்றாவது சீட்டு போனபோது மெடிக்கல் லீவில் இருந்தார்.

இடையில் மரியபுஷ்பம் இரண்டு தடவை போன் செய்தார். கேட்டது ஒரே கேள்விதான். "பேப்பர் போயிருச்சாம்மா?"

இருபத்தொன்றாவது நாள் சாயங்காலம் மொழிபெயர்ப்பை முடித்தேன். 'நிலை' என்ற இடத்தில் ஆங்கில ஃபேர் அப்படியே நின்றது. கீழே அடிக்குறிப்பு. வழக்கம்போல் அலமேலு மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன். எழுதியவரிடம் மூன்று முறை கேட்கப்பட்டது, பதில் வரவில்லை. அந்த இடத்தை மெதுவாகாமல் வாசித்தேன். அவர் விரல் நிற்கவில்லை. "நன்னா வாசிச்சேள்" என்றார். முத்திரை வைத்தார். இமெயில் போயிற்று.

நாலாம் நாள் ஜெனரல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெருவிலிருந்து அந்த அதிகாரி மூன்று சீட்டுகளின் நகலையும் ஸ்டோர் ரெஜிஸ்டரின் நகலையும் கேட்டு எழுதியிருந்தார்.

"யாரைக் கேட்டு இந்த அடிக்குறிப்பு போட்டீங்க?"

"குமரேசனைத்தான் சார் கேட்டோம். மூணு தடவை" என்றார் அலமேலு மேடம்.

"கம்பெனி மானம் போகுதே, அது தெரியலையா?"

"அவர் ஒரு டிக் போட்டிருந்தா அடிக்குறிப்புக்கு அவசியமே இல்லை சார்."

ஜெனரல் மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சீட்டு முறைக்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். நகல்கள் போயின. முப்பத்துமூன்றாவது நாள் அதிகாரி தீர்ப்பு எழுதினார். தயாரித்த கம்பெனியின் மேனேஜரே தம் கேஸ்கெட் நன்றாக இருந்தது என்று மூன்று முறை கேட்டும் சொல்ல முன்வராதபோது, அதை மாட்டியவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சவரிமுத்து மூன்று விமானம் மாறித் திருச்சியில் வந்து இறங்கியது முப்பத்தாறாவது நாள். கல்யாணம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஃபேக்டரியில் எங்களுக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஃபிட்டர்கள், வெல்டர்கள் எல்லாம் கேன்டீனில் எழுந்து இடம் கொடுத்தார்கள். யூனியன்காரர்கள் அலமேலு மேடத்துக்குச் சால்வை கொண்டுவந்தார்கள். பட்டாயிருந்தால் பூஜைக்கு மடியாகப் போர்த்திக்கொள்ள ஆகும் என்று தொட்டுப் பார்த்துவிட்டு, சிந்தெட்டிக் என்று தெரிந்ததும் பீரோவுக்குள் வைத்துவிட்டார். குமரேசனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். என் மேஜைக்கு வந்ததைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பழசு என்று தெரியும் என்பதை அவரே ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? நானும் திறக்கவில்லை. அலமேலு மேடத்திடம்கூடச் சொல்லவில்லை. அவர் போன வருடம் பெருமாள் திருவடி சேர்ந்துவிட்டார்.

சவரிமுத்து ஊர் திரும்பிய வாரமே ஆபீஸுக்கு வந்தார். மரியபுஷ்பமும் கூட வந்திருந்தார். ஒரு தூக்குப்பை நிறைய முறுக்கு. அலமேலு மேடம் மீட்டிங்கில் இருந்தார், என் மேஜைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து மெலிந்திருந்தார். போனை எடுத்துக் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கோயில் வாசலில் ஜெயராணி நிற்கிறாள். அவள் கையைப் பிடித்திருப்பவர் சவரிமுத்துவின் தம்பி. அவர் போட்டிருப்பது அண்ணனுக்கென்று தைத்த கோட்டு, தோளில் தொங்குகிறது. அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை.

"மாப்பிள வீட்டுல தேதிய தள்ளிவைக்க ஒத்துக்கலைம்மா" என்றார் மரியபுஷ்பம். "ஒரு மணி நேரம் வாசல்லயே நின்னா. சாமியாரு வந்து சொல்லித்தான் உள்ள போனா."

சவரிமுத்து போனைச் சட்டைப் பையில் வைத்தார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"அந்த மேனேஜரு எதுக்குமே இறங்கி வரலையாம்மா? மூணு வாரமும்?"

பேப்பர் ஒன்பதாவது நாளே போயிருந்தால், அதோடு பதினைந்து நாளைக் கூட்ட இருபத்துநாலு. அதிகாரி எடுத்துக்கொண்ட பன்னிரண்டு நாள், விமானம் மூன்று நாள் எல்லாம் அதில் சேர்த்தி. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் இவர் வீட்டில் இருந்திருப்பார். இந்தக் கணக்கை அதற்கு முன்பே பலமுறை போட்டு முடித்திருந்தேன்.

"இல்லைங்கண்ணே. வரல" என்றேன்.

"அப்ப நீங்க என்னம்மா செய்ய முடியும்" என்றார் சவரிமுத்து. எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். மரியபுஷ்பமும் கூப்பினார்.

ஒரு கட்டம் போட்டிருக்க முடியும். நாலு கோடு, அவ்வளவுதான். ஸ்கேல் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. முறுக்குப் பையை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, அவர்களோடு கேட் வரைக்கும் நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.